அலை செல்லும் வழிகளை அளந்த வரலாறு

கோயில் மணி ஒலிக்கும்போது வெளிவீதியில் நிற்பவன் செவிக்கு எட்டுவது ஓரொலி மட்டுமன்று. நேரே வருவது ஒன்று. மதிலிற் பட்டு மீள்வது ஒன்று. மண்டபத் தூணில் மோதிச் சற்றே பிந்தி வருவது வேறொன்று. வானொலி அலையின் இயல்பும் இஃதே. இவ்வெதிரொலிகள் நெடுங்காலம் பொறியியலாளருக்குப் பகையாயிருந்தன. அப்பகையை உறவாக்கிய வரலாற்றில் தமிழ்நாட்டவர் ஒருவருக்கு முதன்மையான இடமுண்டு.

ஆரோக்கியசாமி போல்ராஜ் 1944 இல் பொள்ளாச்சியிற் பிறந்தவர். இளமையிலேயே இந்தியக் கடற்படையைச் சார்ந்தவர். 1971 டிசம்பர் 9 ஆந் திகதி, டியூவுக்கு அப்பாலுள்ள கடலில் 'குக்ரி' என்னும் போர்க்கப்பல் பாக்கித்தான் நீர்மூழ்கியொன்றினாற் பிளவுண்டு மூழ்கியது. ஏறத்தாழ இருநூற்றுவர் மாண்டனர். பகைவனின் நீர்மூழ்கியை முன்னரே கேட்டறியும் ஆற்றல் கப்பலின் சோனார்க் கருவிக்குப் போதாதிருந்தமை இவ்விழப்பால் வெளிப்பட்டது. அக்குறையை நீக்கும் பணியில் ஈடுபட்டோருள் போல்ராஜ் ஒருவர். பின்னர் கொச்சியில் அவர் தலைமையில் உருவான 'அப்சோ' என்னும் சோனார் 1983 இற் கப்பலேறியது.

கடலுள் ஒலியைக் கேட்பது எளிதன்று. பாக்குநீரிணை போன்ற ஆழங்குறைந்த கடலில் ஒலி, நீர்ப்பரப்புக்கும் அடித்தரைக்கும் இடையே மாறிமாறி மோதிச் செல்லும். பல கேள்கருவிகளை வரிசையாக அமைத்து, எவ்வொலி எத்திசையினின்று வந்தது எனப் பிரித்தறிதல் வேண்டும். 1980களில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கைலாத், றிச்சட் றோய் ஆகியோருடன் போல்ராஜ் வகுத்த 'எஸ்பிறிற்' முறை இத்திசைகளை நேரே கணித்துத் தந்தது. இதன் வேர் பழையது. வாயுக்களின் விரிவை ஆராய்ந்த பிரெஞ்சுப் பொறியியலாளர் புறோனி, சில அளவைகளிலிருந்தே ஒரு கலவையின் கூறுகளைப் பிரித்தெடுக்கும் வழியை 1795 இலேயே காட்டியிருந்தார்.

கடற்படையினின்று விலகி 1991 இல் ஸ்ரான்போட்டை மீண்டும் அடைந்த போல்ராஜ், அனுப்புமிடத்தும் பெறுமிடத்தும் பல அன்ரனாக்களை நிறுவினால், ஒரே அலைவரிசையில் வெவ்வேறு செய்திகளை ஒருங்கே அனுப்பலாம் என்றார். எதிரொலிகள் வெவ்வேறு திசைகளில் வருதலே அச்செய்திகளைப் பிரித்தறிய உதவும். இக்கருத்துக்குக் கைலாத்துடன் 1992 இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994 இற் கிடைத்தது. தொடக்கத்திற் பலர் இதனை ஐயுற்றனர், ஐயுற்றதில் வியப்புமில்லை. 2014 இல் மார்க்கோனிப் பரிசு அவரை அடைந்தபோது இம்முறை கைத்தொலைபேசிகளில் வேரூன்றியிருந்தது.

ஆயின், புதிய இடர் ஒன்று உடன் வந்தது. அலை சென்ற வழியை அறியாமற் செய்தியைப் பிரித்தல் இயலாது. அதனை அறிதற்கு, இருபாலாருக்கும் முன்னரே தெரிந்த சோதனைக் குறிகளை அனுப்ப வேண்டும். ஒருபுறம் 64 அன்ரனாக்கள், மறுபுறம் 16 எனின், அளக்க வேண்டிய இணைப்புகள் 1024. சோதனைக் குறிகளே நேரத்தை விழுங்கிவிட்டால் செய்திக்கு எஞ்சுவது யாது?

விடை அலையின் சிக்கனத்திலேயே இருந்தது. இணைப்புகள் ஆயிரமாயினும் அலை செல்லும் பாதைகள் சிலவே. பாதை ஐந்தாயின், ஒவ்வொன்றுக்கும் புறப்படுந் திசை, வந்தடையுந் திசை, வலிமை, கட்டம் என இருபது எண்கள் போதும். 2002 இல் கொற்றரும் பாஸ்கர் ராவும், வலிய பாதையை முதலிற் கண்டு, அதன் பங்கைக் கழித்து, எஞ்சியதில் அடுத்ததைத் தேடும் முறையைக் கம்பியில்லா வழிகளுக்குப் பயன்படுத்தினர். 2006 இல் டொனோகோ, கண்டே, தாவோ முதலியோர் வெளியிட்ட ஆய்வுகள், குறைந்த அளவைகளாலும் இத்தகைய அருங்கூறுகளைப் பிழையின்றி மீட்கலாம் என்பதற்குக் கணித அடிப்படை அளித்தன.

மலையற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டில், வயல்வெளியும் கடனீரேரியும் விரிந்த இடங்களில், அலையைத் தெறிக்கச் செய்வன குறைவு. பனைகளும் சில கட்டடங்களுமே உள. ஆங்கு இச்சிக்கனக் கணிப்பு நன்கு பொருந்தலாம். நெருங்கிய நகரத்தின் கட்டடத்துள், நீண்ட அலைகளுக்கு, அவ்வாறன்று; எண்ணற்ற சிறு எதிரொலிகள் கலந்துவிடும். ஆண்டும் பாதை சிலவே எனக் கொள்வோன், இல்லாத பாதைகளைக் கண்டதாகவே கணக்கிடுவான். மில்லிமீற்றர் அலைகளிற் பாதைகள் மீண்டும் அருகிவிடுதலால், 2010க்குப் பின் ஆய்வாளரின் நாட்டம் பெரிதும் அவ்வலைகளின்பாற் சென்றது.