பொய்ப் பள்ளத்தில் விழுந்தால் கால் உடையுமா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு குள்ளன் செத்துப்போனான். பயப்படாதீங்க, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துல வர்ற குள்ளன். கொன்னது நான்தான். (ஆட்டத்தை நடத்துறவரைத் தமிழ்ல நடத்துனர்னு எழுதலாம்னு பார்த்தா, விசிலோட பஸ் கண்டக்டர் கண்ணு முன்னாடி வந்து நிக்கிறார். அதனால டி.எம்.னே எழுதறேன்.)

ஆடாதவங்களுக்கு ரெண்டு வரி: நாலஞ்சு பேர் மேஜையைச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்குவோம். டி.எம். கண்ணுல படறதைச் சொல்லுவார், மத்தவங்க என்ன செய்றோம்னு சொல்லுவாங்க, முடிவு தெரியாத இடத்துல பகடை. அவ்வளவுதான்.

அன்னிக்கு எதிரி மந்திரவாதி குள்ளன் காலடியில ஒரு பள்ளத்தைக் காட்டினான். அடியில ஈட்டி முனைகள். எல்லாம் மாயை. குள்ளனை ஆடின பையன் ஊர்லேர்ந்து வந்து ஆறு மாசம்கூட ஆகலை, அவனுக்கு அது மூணாவது ஆட்டம். "ஐயோ, விழுந்துட்டனா?"ன்னான். நம்பிட்டான். நாங்க ஆடறது 1978ல் வந்த பழைய விதிப்புத்தகம். அதன்படி நம்பினவனுக்கு அடியும் நிஜம். பகடையை உருட்டினேன், ஆள் காலி. பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "இல்லாத பள்ளத்துல விழுந்து எப்படிண்ணா சாவான்?"னு கேட்டான். "ரூல் அப்படிடா"ன்னேன். அடுத்த சனிக்கிழமை அவன் வரலை. அதுக்கடுத்த வாரமும் வரலை.

அந்த ரூல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சது அப்பதான்.

இந்த ஆட்டத்தோட வேர் போர் விளையாட்டு. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதின செயின்மெயில் 1971ல் வந்தது. சின்னச் சின்னப் பொம்மைப் படைகளை வெச்சு ஆடறது. அதோட பின்னிணைப்பில் மந்திரவாதிகள் வர்றாங்க, இல்லாத படையை இருக்கிற மாதிரி காட்டுவாங்க. அங்கே இதில் பெரிய சிக்கல் இல்லை. தூரத்தில் ஒரு படை தெரியுது, தளபதி ஏமாந்து தன் ஆளுங்களை அந்தப் பக்கம் திருப்பிடறார், அதுதான் நஷ்டம். யாரும் யாரையும் "நீ நம்புறியா?"ன்னு கேட்க வேண்டியதே இல்லை.

1974ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போட்டாங்க. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவாங்கிற ஊர்லேர்ந்து, ஒரு பெட்டிக்குள்ள மூணு சின்னப் புத்தகம், முதல் அச்சு 1000 பிரதி. அதே மந்திரம் இங்கேயும் வந்துச்சு. ஆனா இப்போ எதிரே நிக்கிறது படை இல்லை, ஒத்தை ஆள். உயிருள்ள எதுவாவது தொட்டா மாயை கலையும், ஆனா பார்க்கிறவன் நிஜம்னு நம்பினா காயமும் நிஜம்னு விதி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கிறதை அப்படியே சட்டமாக்கின மாதிரி. என் கணக்குல எல்லா வம்பும் இந்த ஒரு வாக்கியத்துல ஆரம்பிக்குது. ஏன்னா நம்பிக்கைங்கிறது குள்ளன் மனசுல இருக்கணும், ஆனா மேஜையில அதுக்கு பதில் சொல்றது பையன்.

1975 குளிர்கால இதழில், கம்பெனியோட சொந்தப் பத்திரிகையான ஸ்ட்ராடஜிக் ரிவ்யூவில், பீட்டர் ஆரன்சன் மாயைக்காரன்னு தனி வகுப்பையே எழுதிட்டார். 1978 புத்தகத்தில் அதுக்கு நிரந்தர இடம். சாதாரண மந்திரவாதிக்கு மூணாம் நிலை மந்திரமா இருக்கிற மாயையை இவன் முதல் நிலையிலேயே போடலாம். நான் குள்ளனைக் கொன்ன அந்த ஈட்டிப் பள்ளம் இருக்கே, அது என் கற்பனை இல்லை. அந்தப் புத்தகமே சொல்ற உதாரணம்.

இன்னொரு தடவை நிதானமா படிச்சப்பதான் வயித்தைக் கலக்கிச்சு. தப்பிக்கிற பகடை யாருக்குக் கிடைக்கும்னா, "நான் நம்பலை"ன்னு சொல்றவனுக்கு. வாயைத் திறக்காதவனுக்குப் பகடையே கிடையாது. பழைய ஆளு கதவு, நாற்காலி, சோத்துத்தட்டு எதைப் பார்த்தாலும் "நம்பலை"ன்னு ஒரு வார்த்தை போட்டு வெப்பான். புதுசா வந்தவனுக்கு அப்படிச் சொல்லணும்னே தெரியாது. தெரியாதது அவன் குத்தமா? அதே பக்கத்தில், இந்த மாயைக்குச் சத்தம் கிடையாதுன்னும் இருக்கு. தரை பிளந்தும் சத்தமே வரலைன்னு நான் அவன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலை.

இதைவிட வேடிக்கை 1981ல். அதே கம்பெனி, டாம் மோல்ட்வே தொகுத்த அடிப்படைப் பதிப்பை வெளியிட்டுச்சு. அதே மந்திரம்தான், ஆனா நிஜக் காயம் ஒருபோதும் கிடையாது. "செத்தவன்" மயங்கி விழுவான், கொஞ்ச நேரத்தில் எழுந்துடுவான். ஆக ஒரே கம்பெனி ஒரே சமயத்தில் ரெண்டு விதிப்புத்தகம் வித்துச்சு: ஒண்ணுல மாயை கொல்லும், இன்னொண்ணுல கொல்லாது! "ரூல் அப்படி"ன்னு நான் பெருசா பேசினதோட லட்சணம் இதுதான்.

1989ல் இரண்டாம் பதிப்பில் மாயைக்காரன் தனி வகுப்பா இல்லாம, மந்திரவாதியில் ஒரு பிரிவா ஆனான். 2000ல் மூணாம் பதிப்பு. அதுக்குள்ள விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் பழைய கம்பெனியை வாங்கியாச்சு (1997). இதில் மாயையை அஞ்சு வகையாப் பிரிச்சாங்க. வெறும் தோற்றம் நேரடியா யாரையும் காயப்படுத்தாது. மனசுக்குள்ள புகுற வகை கொல்லலாம். நிழல் வகை பாதி நிஜம், சில மந்திரங்களில் அஞ்சில் ஒரு பங்கு. முக்கியமா, "நம்பலை"ன்னு கத்தினா மட்டும் போதாது, அதை உத்துப் பார்க்கணும் இல்லை கைவெச்சுப் பார்க்கணும். 2014 பதிப்பில் இது இன்னும் தெளிவு: ஒரு முறையைச் செலவழிச்சு ஆராய்ஞ்சு, புத்திக்கான பகடையை உருட்டணும். கண்மூடித்தனமான சந்தேகத்துக்கு ஒரு விலை வெச்சது எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆனா எந்தப் பதிப்பும் தீர்க்காத ஒண்ணு டி.எம்.மோட நேர்மை. எங்க குழுவுல ஒருத்தி மாயைக்காரி. அவ தீச்சுவர் எழுப்பினா என் ஓர்க்குகள் எல்லாம் திடீர்னு பகுத்தறிவுவாதிகள் ஆயிடும், நேரா நடந்து வரும். அது பொய்னு எனக்குத் தெரியும்ல! நம்ம பையன் நம்பினா சாவான், என் ஓர்க்கு மட்டும் நம்பவே நம்பாது.

இப்போ மாத்திக்கிட்டேன். ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே ஆளுக்குப் பத்து பகடை உருட்டி எழுதி வாங்கிடறேன், மாயை வந்தா சத்தமில்லாம அந்தப் பட்டியல்லேர்ந்து வரிசையா எடுத்துக்குவேன். யாரும் எதுவும் சொல்லணும்னு அவசியமில்லை. ஓர்க்குகளுக்கும் அதே பட்டியல் உண்டு. சத்தம் வரலை, வாசனை இல்லை, நிழல் விழலைன்னா அதை வாய்விட்டுச் சொல்லிடறேன், கவனிக்கிறது அவங்க பாடு.

பையனுக்கு நேத்து போன் பண்ணேன். 1981 விதிப்படி குள்ளன் சாகலைடா, மயங்கித்தான் கிடக்கான், இன்னும் அதே குகையில, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சான். "வர்றேண்ணா. ஆனா என் கோடாலியை யாரு எடுத்துக்கிட்டாங்க?"

அதை அவங்க ஊர்ச்சந்தையில வித்து மூணு வாரம் ஆச்சு. அதை இன்னும் அவன்கிட்ட சொல்லலை :-)