ரத்தமே தெரியாத போர்ப் படங்கள்: யார் இந்த சிம் சி யின்?

போர்ப் படம்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? இடிந்த கட்டடம், புகை, அழும் முகம். உக்ரேன், காஸா என்று தினமும் கைத்தொலைபேசியில் பார்க்கிறோம். அடுத்த நொடியே விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம்.

சிங்கப்பூர்க் கலைஞர் சிம் சி யின் எடுக்கும் படங்களில் அவை பெரும்பாலும் இருக்காது. ஆனால் அவையும் போரைப் பற்றியவைதான்.

யார் அவர்?

1978இல் பிறந்தவர். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் செய்தியாளராக இருந்து, பிறகு புகைப்படத் துறைக்கு மாறினார்.

2017இல் அமைதிக்கான நொபெல் பரிசு, அணுவாயுத எதிர்ப்பு இயக்கமான ஐகேனுக்குக் கிடைத்தது. அதையொட்டிய கண்காட்சிக்குப் படமெடுக்க அழைக்கப்பட்டவர் இவர். சீன-வடகொரிய எல்லையையும் அமெரிக்காவின் அணுவாயுதத் தளங்களையும் எடுத்து, ஜோடி ஜோடியாக வைத்தார். எது எந்த நாடுன்னு சட்டெனச் சொல்ல முடியாது!

இந்தப் படைப்பைச் சார்ந்த கண்காட்சி 2018இல் லசால் கலைக் கல்லூரியில் நடந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். "பெரும்பாலோர் மௌனமாக இருந்தனர்" என்பதே தலைப்பின் பொருள். 1945இல் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையைப் பார்த்தவர்களைப் பற்றி, விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் பின்னாளில் சொன்னது அது.

வீட்டுக்குள் இருந்த மௌனம்

சிம்மின் தாத்தா பேராக்கில் சீன நாளேட்டின் ஆசிரியர். அது மலாயா அவசரகாலம் (1948-1960). பிரிட்டிஷ் ஆட்சிக்கும் மலாயா கம்யூனிஸ்ட் கட்சிக்கும் நடந்தது உண்மையில் போர். பெயர் மட்டும் 'அவசரகாலம்'.

1949இல் பிரிட்டிஷ் அரசாங்கம் தாத்தாவைச் சீனாவுக்கு நாடுகடத்தியது. அங்கே கோமிந்தாங் படையினர் அவரைக் கொன்றனர். பல ஆண்டுகள் குடும்பத்தில் யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை.

முடிந்துபோன போரை எப்படிப் படமெடுப்பது?

சிம் மூன்று வழிகளைத் தேர்ந்தெடுத்தார்.

காடு, ரப்பர் தோட்டம் எனச் சண்டை நடந்த இடங்களை இன்றைய நிலையில் எடுத்தார்.

பிரிட்டிஷ் போர் அருங்காட்சியகத்தின் பழைய படங்களுக்குப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி, மீண்டும் படமெடுத்தார். பின்பக்கக் குறிப்புகளும் முத்திரைகளும் முகங்களின் மேல் தெரியும். படத்தை யார், எதற்காக வைத்திருந்தார்கள் என்ற கேள்வி நமக்கே வந்துவிடும்.

அடுத்தது காணொளி. நாடுகடத்தப்பட்ட முதிய இடதுசாரிகள் இளமையில் பாடிய பாடல்களை மறுபடி பாடுகிறார்கள். நடுவில் வரி மறந்துபோகிறது. அந்தத் தடுமாற்றத்தை அவர் வெட்டி எடுக்கவில்லை.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அதே 1949இல், மே 4ஆம் தேதி, கோலாலம்பூரின் புடு சிறையில் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. தமிழ்நாட்டில் பிறந்து மலாயாவுக்கு வந்தவர் அவர். தோட்டத் தமிழர்கள் பலரின் வாழ்க்கையையும் அந்தப் போர் புரட்டிப்போட்டது.

உங்க தாத்தா, பாட்டி அந்தக் காலத்தில் எங்கே இருந்தாங்க? பழைய படம் இருந்தால் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்க. கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.