ஆற்றங்கரையும் ஆதி நாகரிகமும்

பண்டை மக்கள் ஆற்றை அடுத்துக் குடியேறியது குடிநீர் ஒன்றே கருதியன்று. வெள்ளந்தோறும் ஆறு கொணர்ந்து படிவிக்கும் வண்டலே அவர்தம் பயிருக்கு எருவாயிற்று. அந்நிலத்தின் அருமையை அவர் நன்குணர்ந்திருந்தனர். நீலநதிக் கரையில் வாழ்ந்த எகிப்தியர் வயலைக் கடந்த பாலையிலே கல்லறை அமைத்தனர். பொருநையின் தென்கரையில் ஆதிச்சநல்லூரினரும் தம் முதுமக்கட்டாழிகளைப் பரற்கல் செறிந்த மேட்டிலே புதைத்தனர். 1899 முதல் அலெக்ஸாந்தர் ரீ என்பார் அகழ்ந்து ஆராய்ந்தது இம்மேட்டினையே. இறந்தோர்க்கு மேட்டு நிலமும் இருப்போர்க்கு வண்டல் நிலமும் வகுத்தமை அவர்தம் நுண்ணறிவாம்.

நாஞ்சில்நாட்டிற்குப் பழையாறு அத்தகையது. அதன் கரையிலே சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலும் நெல்வயல்களும் சிறந்தன. கீழெல்லையிலுள்ள அஞ்சுகிராமமோ ஆற்றங்கரையூர் அன்று. மழை குன்றிய பகுதியில் அமைந்தது. இத்தகைய ஊர்களுக்கு வாய்க்காலும் குளமுமே ஆறாகும். 1906ஆம் ஆண்டில் கட்டிமுடித்த பேச்சிப்பாறை அணையும் கோதையாற்று நீரைத் தொலைவிலுள்ள வயல்களுக்கு உய்ப்பதே.

இந்நாளில் நாஞ்சில்நாட்டு நன்செய்கள் பல வீட்டுமனைகளாகின்றன. முன்னோர் இறந்தோர்க்கும் ஈயாது காத்த வண்டலை இருப்போர் கல்லால் மூடுதல் தகுமோ? ஆறு இயற்கையின் கொடை. அதன் நீரைப் பகிர்ந்து நிலத்தைக் காத்தலே நாகரிகம்.