வானலையும் இணையமும்: இல்லத்து வானொலிப் பெட்டியின் அண்மைக்கால வரலாறு

ஒலிபரப்பின் தனிச்சிறப்பு அதன் ஒருவழிப் போக்கிலேயே தங்கியுள்ளது. 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆம் நாள் கொழும்பில் முறையான ஒலிபரப்புத் தொடங்கிய வேளையில், அதனைக் கேட்டோர் எத்தனை பேர் என்பதை ஒலிபரப்பிக் கருவி அறிந்திருக்கவில்லை. அறியவேண்டிய தேவையும் அதற்கிருக்கவில்லை. பத்துப் பெட்டிகள் கேட்பினும் பத்து இலட்சம் பெட்டிகள் கேட்பினும் வானலைக்குச் செலவாகும் மின்வலு ஒன்றே. இணையம் இதற்கு நேர்மாறானது. அங்கே கேட்பவர் ஒவ்வொருவரும் வேண்டுகோள் விடுக்க, தொலைவிலுள்ள சேவையகம் அவரவர்க்குத் தனித்தனியே ஒலியை அனுப்புகின்றது. இயல்பால் முரண்பட்ட இவ்விரண்டையும் ஒரு பெட்டியினுட் குடியிருத்த முயன்ற வரலாறு கால் நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்டதே. ஆயினும் அது எழுப்பும் வினா சிறியதன்று. பெட்டியைப் பணங்கொடுத்து வாங்கியவர் அதன் ஆயுளுக்கும் உரிமையாளராகின்றாரா என்பதே அவ்வினா.

1994 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள ‘டபிள்யூ.எக்ஸ்.வை.சி.’ என்னும் பல்கலைக்கழக வானொலி நிலையம் தன் ஒலிபரப்பை இணையத்திலும் வழங்கத் தலைப்பட்டது. மறுவருடம் ‘ரியல் ஓடியோ’ என்னும் மென்பொருள் வெளிவந்தபின் இவ்வழக்கம் விரைந்து பரவிற்று. எனினும், இவ்வொலியைக் கேட்க விரும்பியவர் கணினியின் முன் அமரவேண்டியிருந்தது. அடுக்களையில் வேலை செய்துகொண்டே கேட்பதற்கும் முன்விறாந்தையிற் சாய்ந்திருந்து கேட்பதற்கும் உரியது வானொலி; கணினி அவ்விடங்களுக்கு உரியதாக அன்று இருக்கவில்லை.

இக்குறையை நீக்க முனைந்தது ‘கேர்பாங்கோ’ என்னும் அமெரிக்க நிறுவனம். கணினியின் துணையின்றி இணைய நிலையங்களையும், அவற்றுடன் வழமையான வானலை நிலையங்களையும் பெறவல்ல மேசை வானொலி ஒன்றை அது 2000 ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்தது. அதே ஆண்டில் ‘திறீகொம்’ நிறுவனம் ஏறத்தாழ 8 கோடி டொலர் பெறுமதிக்கு அதனை வாங்கியது. 2001 ஆம் ஆண்டு மார்ச்சிலேயே முயற்சியைக் கைவிட்டும்விட்டது. பெட்டியின் விலை 300 டொலர் அளவினது. விரைவான இணைய இணைப்போ அன்று பெரும்பாலான இல்லங்களில் இருக்கவில்லை. காலத்தை முந்திப் பிறந்த பொருள்களின் கதி இதுவே.

ஏறக்குறைய இதே காலத்தில் இலங்கையின் கொத்மலையில் வேறொரு வழி கையாளப்பட்டது. யுனெஸ்கோவின் ஆதரவுடன் அங்குள்ள சமுதாய வானொலி இணைய இணைப்பைப் பெற்றது. நேயர்கள் வினாக்களை அனுப்ப, ஒலிபரப்பாளர் துறை வல்லாருடன் அமர்ந்து இணையத்தில் விடைதேடி, நேயர்தம் மொழியில் வானலையில் விளக்கினர். இங்கு இணைப்பு நிகழ்ந்த இடம் கலையகம். நேயரின் பெட்டியோ பழைய பெட்டியே. பொறியியலாளர் எழுதும் வரலாறுகளில் இம்முயற்சிக்கு இடங்கிடைப்பது அரிது. எனினும், வறிய இல்லங்களையும் கருத்திற்கொண்ட இணைப்பு இதுவேயென்று கூறுதல் தவறாகாது.

ஐரோப்பாவிலே இவ்விணைப்புக்கான வித்து இணையத்துக்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட வானொலித் தரவு முறைமை, பண்பலை ஒலிபரப்பிலுள்ள 19 கிலோஹேட்ஸ் வழிகாட்டலையின் மும்மடங்கான 57 கிலோஹேட்ஸில், செவிக்குப் புலப்படாதவாறு, நொடிக்கு 1,187.5 பிற் என்னும் மெதுவான வேகத்தில் தரவைச் சுமந்து சென்றது. நிலையத்தின் பெயரும் நான்கு எழுத்திலக்கங்களாலான அடையாளக் குறியும் அதில் அடங்கின. ஓடும் மோட்டார் வண்டியில் ஓர் ஒலிபரப்பி மங்கும்போது அதே நிலையத்தின் மற்றோர் ஒலிபரப்பியைப் பெட்டி தானே கண்டுகொள்வதற்காகவே இக்குறி அமைக்கப்பட்டது. பின்னாளில் அது இணையத்துக்கு வாயிலாகும் என எவரும் அன்று எண்ணியிருக்கமாட்டார்.

2008 ஆம் ஆண்டளவில் இலக்கமுறை வானலை, பண்பலை, இணையம் ஆகிய மூன்றையும் பெறும் பெட்டிகள் பிரித்தானியச் சந்தைக்கு வந்தன. ஆனால் மூன்றுக்கும் இடையே சுவர்கள் இருந்தன. ஒரே நிலையம் மூன்று பட்டியல்களில் மூன்றாகத் தோன்றிற்று. இச்சுவர்களைத் தகர்க்க எழுந்ததே ‘ரேடியோ டி.என்.எஸ்.’ என்னும் முறை. அலைவரிசை, அடையாளக் குறி, நாட்டுக் குறி ஆகியவற்றைக் கோத்துப் பெட்டி தானே ஓர் இணைய முகவரியை ஆக்கிக்கொள்கின்றது. அம்முகவரியை வினவ, நிலையத்தின் சேவையகம் அகப்படுகின்றது. அங்கிருந்து நிகழ்ச்சி நிரல், நிலையச் சின்னம், இணைய ஒலி யாவும் கிடைக்கின்றன. வானலை மங்கின் இணையத்துக்கும், அது தெளியின் மீண்டும் வானலைக்கும் பெட்டி மாறிக்கொள்ள இது வழிசெய்கின்றது. ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நியம நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் இதனை நியமமாக வெளியிட்டது. முகவரியின் அந்தத்தில் நிற்பவர் இடைத்தரகரல்லர், ஒலிபரப்பாளரே என்பது இம்முறையின் உயிர்நிலை.

ஏனெனில், மற்றைய இணைய வானொலிப் பெட்டிகள் பலவும் இடைத்தரகரின் நிலையப் பட்டியலையே நம்பியிருந்தன. பல உற்பத்தியாளரின் பெட்டிகளுக்குப் பட்டியல் வழங்கிய ‘ரெசிவா’ சேவை 2021 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பெட்டிகளில் யாதொரு பழுதும் இல்லை. ஒலிபெருக்கியும் மின்சுற்றும் நலமாகவே இருந்தன. ஆனால் நிலையங்களைத் தேடித்தருவார் இல்லை. இதற்கு முன்னரே, 2015 ஆம் ஆண்டில், பீ.பீ.சி. தனது இணைய ஒலியின் வடிவங்களை மாற்றியபோதும் பழைய பெட்டிகள் பல அந்நிலையங்களை இழந்தன. 1950 களின் வால்வு வானொலியோ, மத்திய அலையில் ஒரு நிலையம் இயங்கும் இடத்தில், இன்றும் அதனைப் பெறும்.

வானலைக்கும் முடிவு உண்டென்பதை மறுத்தற்கில்லை. நோர்வே 2017 ஆம் ஆண்டில் நாடளாவிய பண்பலை ஒலிபரப்புகளை நிறுத்தியது. ஆயின் அம்முடிவு நாடாளுமன்றத்தில் ஆராயப்பட்டது, நாள் குறிக்கப்பட்டது, எதிர்த்தோரும் பலர். ஒரு சேவையகம் அணைக்கப்படுவதற்கு நிறுவனத்தின் அறிவித்தல் ஒன்றே போதுமாயிருக்கின்றது.

பட்டியல் அற்றுப்போனபோது, பண்பலை வாங்கியும் உடனமைந்த பெட்டிகள் தம் பாதி ஆயுளையேனும் காத்துக்கொண்டன. இணையத்தை மாத்திரம் நம்பியவை பெரும்பாலும் ஊமையாயின. ‘விரியூனர்’ என்னும் மற்றொரு பட்டியற் சேவையைச் சார்ந்த கருவிகளுக்காக ஆர்வலர் சிலர் ‘வைகாஸ்ட்’ என்னும் மென்பொருளை ஆக்கினர். வீட்டுக் கணினியொன்றே தொலைவிலுள்ள சேவையகம்போல நடித்து, உரிமையாளர் தாமே எழுதிவைத்த நிலையப் பட்டியலைப் பெட்டிக்கு வழங்குகின்றது.