திச்சீனோ: வறுமையும் வளமும்

சுவிற்சர்லாந்து என்றவுடன் பனிமூடிய சிகரங்களும் மலைச்சரிவிலே மேயும் பசுக்களும் மனக்கண் முன் தோன்றுதல் இயல்பு. ஆனால், அந்நாட்டின் தென்கோடியில், அல்ப்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், வேறொரு முகங்கொண்ட மாநிலம் ஒன்று உண்டு. திச்சீனோ என்பது அதன் பெயர். அங்கு வழங்கும் மொழி இத்தாலியம். ஏரிக்கரைகளிலே பனையினத்து மரங்களும் கமெலியா மலர்களும் செழித்து நிற்கின்றன. சுவிற்சர்லாந்தின் மிகத் தாழ்ந்த நிலப்பகுதியாகிய மாச்சோரே ஏரிக்கரையும், பேரழகு வாய்ந்த லுகானோ ஏரியின் பெரும்பகுதியும் இம்மாநிலத்துக்கே உரியன. இன்று ஏறத்தாழ மூன்றரை இலட்சம் மக்கள் அங்கு வாழ்கின்றனர். வெயிலையும் அமைதியையும் நாடிச் செல்லும் பயணிகள் அதனைச் செல்வத்தின் இருப்பிடமாகவே காண்பர். ஆயினும், வயிற்றுப்பாட்டுக்காகத் தன் பிள்ளைகளை அயல்நாடுகளுக்கு அனுப்பிய நாடாகவே அது பல நூற்றாண்டுகள் இருந்தது.

மிலான் கோமக்களின் ஆட்சியில் இருந்த இப்பள்ளத்தாக்குகள், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைக்கு வடக்கேயுள்ள சுவிசு மாநிலங்களின் கைக்கு மாறின. சுவிசுப் படைகளைத் தடுப்பதற்காக மிலான் கோமக்கள் வலுப்படுத்திய பெல்லின்சோனாக் கோட்டைகள் மூன்றும் பின்னர் அவர்களுக்கே உரியவாயின. 2000ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை இக்கோட்டைகளே. 1798 வரையில் திச்சீனோ மக்கள் உரிமை பெற்ற குடிகளாக அன்றி, ஆளப்பட்ட குடிகளாகவே இருந்தனர். 1803இலே, நெப்போலியனின் சமரச ஏற்பாட்டின்படி, ஏனைய மாநிலங்களுக்கு நிகரான மாநிலமாக அது அமைந்தது.

உரிமை வந்தபின்பும் உணவு வரவில்லை. செங்குத்தான சரிவுகளிலே விளைநிலம் மிகக் குறைவு. காட்டுக் கஷ்கொட்டையை உலர்த்தி மாவாக்கி உண்டு குளிர்காலத்தைக் கழித்த குடும்பங்கள் பல. ஆதலால் ஆண்மக்கள் கல்தச்சராகவும் கொத்தராகவும் பிறநாடு சென்றனர். அவர்களுட் சிலர் பெரும்புகழும் பெற்றனர். உரோமாபுரியின் பேதுரு சதுக்கத்திலே எகிப்தியக் கற்றூணை 1586இல் நிமிர்த்திய தொமேனிக்கோ பொந்தானா மெலீதே என்னும் ஊரினர். அந்நகரின் தேவாலயக் கலைக்குப் புதுவடிவம் தந்த பொர்ரோமினி, 1599இல் பிசோனேயிற் பிறந்தவர். பேதுரு மன்னனின் புதிய தலைநகரைக் கட்டியெழுப்பிய திரெசீனியும் திச்சீனோவின் மைந்தரே.

புகழ் பெறாதோர் கதை வேறு. வெர்சாஸ்கா முதலிய பள்ளத்தாக்குகளிலிருந்து ஏழைச் சிறுவர்கள் குளிர்காலந்தோறும் மிலான் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒடுங்கிய புகைபோக்கிகளுள் நுழைந்து கரி துடைப்பதற்குச் சிற்றுடலே ஏற்றதென்று அவர்களை வேலை கொண்டனர். 1853இல், லொம்பார்தியை ஆண்ட ஒஸ்திரியா, அங்கு உழைத்த திச்சீனோ மக்கள் பல்லாயிரவரை வெளியேற்றி எல்லையையும் அடைத்தது. பிழைக்கும் வழி அடைபட, இளைஞர்கள் கடன்பட்டு, பொன் வயல்களை நாடி அவுஸ்திரேலியாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் கப்பலேறினர்.

இந்நிலையிலேதான் மலையைக் குடையும் எண்ணம் செயலுருப் பெற்றது. கொத்தார்ட்டு மலைக்கு ஊடாக 15 கிலோமீற்றர் நீளமான இருப்புப்பாதைச் சுரங்கத்தை அமைக்கும் வேலை 1872இல் தொடங்கிற்று. தெற்கு வாயில் திச்சீனோவின் ஐரோலோவிலும், வடக்கு வாயில் ஊரி மாநிலத்துக் கோசெனனிலும் அமைந்தன. தொழிலாளருட் பெரும்பாலோர் வட இத்தாலியர். வெடிமருந்துப் புகையும், மூச்சடைக்கும் வெப்பமும், முழங்கால் அளவு நீரும் அவர்களின் அன்றாட வாழ்வாயின. கொக்கிப்புழு நோய் ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தை வற்றச் செய்தது. 1875இல் அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தபோது, கோசெனனிலே படையினர் சுட்டதனால் நால்வர் மாண்டனர். விபத்துகளில் மாண்டவர் ஏறத்தாழ இருநூறு பேர். ஒப்பந்தகாரராகிய லூயி பாவ்ரும் 1879இலே சுரங்கத்தினுள்ளேயே உயிர்துறந்தார். இரு பக்கத்தாரும் 1880 பெப்ரவரியில் மலையின் நடுவே சந்தித்தனர். 1882இல் பாதை திறக்கப்பட்டது.

பாதை திறந்த மறுநாளே வறுமை அகன்றுவிடவில்லை. அமெரிக்கப் பயணம் தொடர்ந்தது. ஆயினும் லுகானோவிலும் லொக்கார்னோவிலும் விடுதிகள் எழுந்தன. 1925இல் ஐரோப்பிய வல்லரசுகள் சமாதான உடன்படிக்கை செய்வதற்கு லொக்கார்னோவைத் தெரிந்தெடுத்தன. அந்நகரின் திரைப்பட விழா 1946இல் தொடங்கி இன்றும் நடைபெறுகின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் லுகானோ, சூரிச்சுக்கும் ஜெனீவாவுக்கும் அடுத்த வங்கி நகரமாக உயர்ந்தது. 1980இல் வீதிச் சுரங்கமும், 2016இல் 57 கிலோமீற்றர் நீளமான புதிய அடித்தளச் சுரங்கமும், 2020இல் செனேரிச் சுரங்கமும் திறக்கப்பட்டன. கோவேறு கழுதைகள் நாட்கணக்காக நடந்த வழியை இன்று புகையிரதம் சில மணிநேரத்திற் கடக்கின்றது.

இவ்வளத்துக்கும் நிழல் உண்டு. நாள்தோறும் காலையிலே எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் எல்லை கடந்து வந்து தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் கடைகளிலும் உழைத்து, மாலையில் வீடு திரும்புகின்றனர். திச்சீனோவின் ஊதியம் சுவிற்சர்லாந்தின் ஏனைய பகுதிகளிலும் குறைவு. எல்லை கடந்து வருவோரே அதற்குக் காரணம் என்னும் மனக்குறை உள்ளூராரிடம் உண்டு. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் பிரேரணை 2014இல் வாக்குக்கு விடப்பட்டபோது, நூற்றுக்கு 68 பங்கினர் அதனை ஆதரித்தனர். வேறெந்த மாநிலத்திலும் ஆதரவு அவ்வளவு உயரவில்லை. புகைபோக்கிச் சிறுவர்களின் வழித்தோன்றல்களே இன்று வாயிற்கதவைக் காப்போராயினர். மற்றொரு புறத்தில், மலைக்கிராமங்கள் வெறுமையாகின்றன. வெர்சாஸ்காப் பள்ளத்தாக்கின் கொரிப்போவில் மக்கள் பத்துப் பன்னிரண்டு பேராகக் குறைந்தபின், 2020இல் அவ்வூராட்சி பெரியதோர் ஊராட்சியுடன் இணைக்கப்பட்டது. அதன் கல்வீடுகள் சில இப்பொழுது பயணிகள் தங்கும் அறைகளாகிவிட்டன.

திச்சீனோவிற் பிறந்து, இளமையிற் கல்வேலை செய்து, பின்னர்ப் பெருஞ்சிற்பியான வின்சென்சோ வேலா, சுரங்கத் தொழிலாளர்க்காகப் புடைப்புச் சிற்பம் ஒன்றைச் செய்தார். இறந்த தோழனைத் தொழிலாளர் சுமந்து செல்லும் காட்சி அதிலே காணப்படுகின்றது. அதன் வெண்கல வார்ப்பு 1932இல் ஐரோலோப் புகையிரத நிலையத்தருகே நிறுவப்பட்டது. பிறநாட்டிற் சென்று உழைத்த மக்களின் நாடு, தன்னிடம் வந்து உழைத்து மாண்டவர்களுக்குச் செலுத்திய நன்றி அது. அந்நன்றியை மறவாதிருத்தலே, செல்வம் வந்தபின் ஒரு நாட்டுக்கு நேரும் கடினமான சோதனையாகும்.