பாடப் புத்தகத்துக்குள்ள ஒரு வீடியோ!
உங்க வீட்டு வாண்டுவோட அரசுப் பாடநூலைப் புரட்டிப் பாருங்க. படங்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒண்ணு இருக்கும். தமிழகத்தில் 2018-ல் 1, 6, 9, 11-ம் வகுப்புகளின் புதிய புத்தகங்களோடு வந்த க்யூஆர் கோடு அது. 'திக்‌ஷா' ஆப்பில் ஸ்கேன் செய்தால், பாடத்துக்கான வீடியோ வரும். கேமரா சொதப்புதா? கட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டை டைப் பண்ணினாலே போதும் (இதைப் பலரும் கவனிக்கிறதே இல்ல!).

சிக்கல், சிக்னல்தான். லீவுக்குக் கோவையிலிருந்து வால்பாறை எஸ்டேட் பக்கம் போறீங்கன்னா, டவுன்லோடு வசதி உள்ள வீடியோக்களை முன்னாடியே இறக்கி வெச்சிடுங்க. நெட் இல்லாமலும் ஓடும். வீட்டுல இருக்கிற ஒரே போனும் அப்பாவோட பனியன் கம்பெனி ஷிஃப்ட்டுக்குப் போயிடுதா? வகுப்புல ஸ்மார்ட் போர்டு இருந்தா, அதுல போட்டுக் காட்டச் சொல்லி டீச்சர்கிட்ட தயங்காம கேளுங்க.