புறம்போக்கு: ஒரு சொல்லின் வரலாறு

எங்கள் மீஞ்சூர்ப் பக்கம் 'புறம்போக்கு' என்றால் வசவு. உண்மையில் அது நிலவரிக் கணக்குச் சொல். ஏரி, குளம், மேய்ச்சல் தரை, சுடுகாடு என ஊருக்குப் பொதுவாக, வரிக்கு வெளியே விடப்பட்ட நிலம். வரி தராததைப் பயனற்றதென்று நினைக்கப் பழகினோம், சொல்லும் தாழ்ந்துவிட்டது.

2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' இந்த வரலாற்றைத்தான் கையில் எடுத்தது. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதினார். கர்நாடக இராகமாலிகையாக, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று கிருஷ்ணா பாடினார். சபா மேடையின் இசை, வசவாகிப்போன சொல்லுக்கு மரியாதையை மீட்டது.

கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் வழி அந்தக் கழிமுகம். அது தூர்ந்தால் வெள்ளம் நம் வீட்டுக்குள்தான் வரும். பேரப்பிள்ளைகளுக்கு இச்சொல்லின் பொருளைச் சொல்லிக்கொடுங்கள்.